அடித்தட்டில் மூன்று குப்பிகள்

அந்த வீட்டில் முதல் மரியாதை ஃபிரிட்ஜுக்குத்தான். காலையில் எழுந்ததும் கடையக்கா தன் முகத்தைக் கழுவுவதற்கு முன் அதன் முகத்தைக் கழுவுவாள். ஈரத்துணியால் கண்ணாடிக் கதவை மேலிருந்து கீழாக ஒரு தடவை, உலர்ந்த துணியால் இன்னொரு தடவை. பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பெயர் எழுதிய பக்கம் தெருவைப் பார்க்கும்படி நிறுத்துவாள். ஃபிரிட்ஜைக் கொடுத்த குளிர்பானக் கம்பெனி அப்படித்தான் சொல்லியிருந்தது. மேல்தட்டில் ஆரஞ்சு, அடுத்ததில் எலுமிச்சை, மூன்றாவதில் பெரிய குடும்ப பாட்டில். கட்டிய புருஷனைக்கூட அவள் இப்படி வரிசை பார்த்து உட்கார வைத்ததில்லை.

வீடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. முன்னறை கடை, பின்னறை குடித்தனம், நடுவில் ஒரு துணித் திரை. கடையில் ரொட்டி, பிஸ்கட், சோப்பு, பென்சில், மெழுகுவத்தி எல்லாம் உண்டு. ஆனால் கல்லாவை நிரப்புவது ஃபிரிட்ஜ்தான். எதிரில் பள்ளிக்கூடம். மணி அடித்தால் முதல் கூட்டம் கேட்டைத் தாண்டும் சத்தம் திரைக்குப் பின்னால் படுத்திருக்கும் மேஸ்திரிக்கும் கேட்கும்.

மேஸ்திரி அவள் வீட்டுக்காரர். இருபது வருஷம் கொத்து வேலை பார்த்தவர். சாரத்தில் ஏறி நின்று கண்ணாலேயே மட்டம் பார்ப்பார் என்று பெயர். இப்போது இடது காலைத் தலையணைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கூரையை மட்டம் பார்க்கிறார். அந்தக் காலில் இரண்டு விரல் இல்லை. சர்க்கரை.

அது எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஒரு பெட்டி சரக்கு எடுத்தால் ஒரு பாட்டில் இலவசம் என்று கம்பெனி ஒன்பது வருஷமாகக் கொடுத்து வந்தது. விற்றால் லாபம், குடித்தால் நஷ்டமில்லை. வெயிலில் வெந்து, சிமெண்டுத் தூசியோடு வரும் மனுஷனுக்குக் கடையக்கா தினமும் ஒன்றை உடைத்துக் கொடுத்தாள். சில நாள் இரண்டு. அவர் ஒரே மூச்சில் குடித்து ஏப்பம் விட்டால் அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அன்பாகத்தான் கொடுத்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை நியாயமாக இருக்காது.

இனி அடித்தட்டு. அந்த ஃபிரிட்ஜ் பழைய மாதிரி. கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு முழ உயரத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் தகரம். அதனால் அடித்தட்டில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அங்கே இரண்டு வரிசை பாட்டிலுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், மேஸ்திரியின் இன்சுலின் குப்பிகள் மூன்று இருந்தன. ஒரு மாதத்து மருந்து. போன கோடையில் ஃபிரிட்ஜில் வைக்காமல் ஈரமணல் பானையில் வைத்துப் பார்த்தார்கள். அந்த வெயிலில் பானைத் தண்ணீரே டீ போடுகிற சூட்டுக்கு வந்துவிட்டது. மருந்து கெட்டு, மேஸ்திரி மயங்கி விழுந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு அடித்தட்டுதான் கதி.

கம்பெனியின் சட்டப்படி அது குற்றம். அவர்கள் கொடுத்த ஃபிரிட்ஜில் அவர்கள் சரக்கைத் தவிர ஒரு முட்டைகூட இருக்கக்கூடாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சுத்தம்’. மாதம் ஒரு தடவை மேலிடத்து ஆள் வந்து கதவைத் திறந்து சுத்தம் பார்ப்பார். மூன்று முறை அசுத்தம் என்று எழுதினால் வண்டி வந்து ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இந்தச் சுத்தத்தில்தான் அந்த வீட்டுக்கு அடி விழுந்தது.

கம்பெனிச் சரக்கைக் கொண்டுவருகிறவனை எல்லோரும் லைன் தம்பி என்பார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் கடை கடையாகச் சரக்குப் போட லைனுக்கு வருகிறவன். முப்பது வயசு, ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி, சொந்த அக்காவிடம் பேசுகிற மாதிரிப் பேச்சு. சுத்தம் பார்க்க ஆள் வருவதற்கு முதல்நாளே, “அக்கா, நாளைக்கு வீட்ட நல்லாக் கூட்டி வைங்க,” என்று போன் பண்ணிவிடுவான். ஏன் பண்ணுகிறான் என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் ஒருநாள் போன் தாமதமாக வந்தது. ஆள் பக்கத்துத் தெருவுக்கு வந்தாகிவிட்டது. கடையக்கா குப்பி மூன்றையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்கும் ஐஸ்காரரிடம் ஓடினாள். அவர் மரப்பெட்டியில் ஐஸும் உப்பும் கலந்து கொட்டியிருக்கும். “அண்ணே, அரை மணி நேரம் உள்ள வெச்சிருங்க,” என்றாள். அவரும் நல்ல மனுஷர். இடம் பண்ணி, அடி ஆழத்தில் செருகி வைத்தார்.

அரை மணி நேரம் மூன்று மணி நேரம் ஆயிற்று. மேலிடத்து ஆள் ஃபிரிட்ஜைப் படம் எடுத்தார், பாட்டிலை எண்ணினார், ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்து ஒரு பாட்டில் குடித்தார், சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கடையக்கா குப்பிகளைத் திரும்ப வாங்கியபோது அவை கல்லாக இருந்தன. அவள் பயப்படவில்லை. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்து இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் நல்லதுதானே என்றுதான் நினைத்தாள். ஜன்னல் ஓரத்தில் வைத்து இளக்கினாள். உருட்டினால் பால் மாதிரி ஆகவேண்டிய மருந்தில் திப்பி திப்பியாக ஏதோ மிதந்தது. இன்னும் கொஞ்சம் உருட்டினாள்.

இருபது நாள் அந்த மருந்துதான். செருப்புக் கடித்த சின்னக் காயம் சீழ் பிடித்து, விரல் கறுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரண்டு விரலை எடுத்து, திரும்பி வந்தார்கள். அதன் பிறகு சுகாதார நிலையத்து நர்ஸம்மா மீதிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“உறைஞ்சா இந்த மருந்து வேலை செய்யாது. இது எப்பவாவது ஐஸ் ஆச்சா?”

“இல்லையேம்மா,” என்றாள் கடையக்கா.

நர்ஸம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குப்பியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக மூன்று எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து கடையக்காவுக்குள் ஏதோ ஒன்று மரத்துப் போய்விட்டது. அழுகை வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, பாட்டில் வரிசை கோணாமல் நின்றது. மேஸ்திரியிடம் மட்டும் சொல்லவில்லை.

•

அந்தத் திங்கட்கிழமை லைன் தம்பி சரக்கோடு ஒரு காகிதமும் கொண்டுவந்தான்.

“அக்கா, ஒரு கையெழுத்து.”

“எதுக்கு தம்பி?”

“நம்ம பொழப்புக்குத்தான்.”

“நீயே படிச்சுச் சொல்லு. என் கண்ணாடி எங்கயோ கெடக்கு.”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். “‘சிறு கடை நடத்திப் பிழைக்கும் ஏழைப் பெண்ணாகிய நான், அரசு கொண்டுவர இருக்கும் புதிய விதிகளால் என் வாழ்வாதாரத்தை இழந்து...’”

திரைக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். “யாருப்பா அந்த ஏழைப் பொண்ணு? எனக்குத் தெரியாம யாரையாவது கூட்டிட்டு வந்துட்டியா?”

“அண்ணே, அக்காதான்.”

“இவளா? இவ என்னையே கடனுக்கு வித்துடுவா. சரி, என்ன விதியாம்?”

லைன் தம்பி திரையை விலக்கி, அவர் முகம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டான். “ரெண்டு விஷயம்ணே. ஒண்ணு, பாட்டில் மேல கறுப்பா பெரிய வட்டம் போட்டு, ‘இதில் சர்க்கரை அதிகம்’னு எழுதணும். இன்னொண்ணு, பள்ளிக்கூடத்துலேர்ந்து இருநூறு மீட்டருக்குள்ள விக்கக்கூடாது.”

“நம்ம கடை எத்தனை மீட்டர்?” என்று கேட்டாள் கடையக்கா.

“நீங்க கொஞ்சம் பலமா தும்மினா ஹெட்மாஸ்டர் மேல படும்கா.”

மேஸ்திரி சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். “சர்க்கரை அதிகம்னு எழுதினா என்ன? அதிகமாத்தானே இருக்கு?”

“இருக்குண்ணே. நான் இல்லைன்னு சொல்லல. என் பசங்களுக்கு நான் வாங்கித் தர்றதில்ல.” அவன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைத் துடைத்தான். “ஆனா எனக்கும் மாசம் இத்தனை பெட்டின்னு இருக்கு. இந்த மாசம் இத்தனை கையெழுத்தும் இருக்கு.”

“போடலைன்னா?” என்றாள் அவள்.

“ஒண்ணும் ஆகாதுக்கா. யாரும் உங்கள ஒண்ணும் கேட்க மாட்டாங்க. சட்டம் வரும். வந்தா, அந்த இருநூறு மீட்டருக்குள்ள இருக்கற ஃபிரிட்ஜையெல்லாம் திருப்பி எடுத்துட்டு வந்துடணும்னு ஆர்டர். நான்தான் வண்டி கொண்டு வரணும்.”

கடையக்கா திரும்பி அடித்தட்டைப் பார்த்தாள். ரொட்டி போனால் பென்சில் விற்கலாம், பென்சில் போனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கலாம். ஃபிரிட்ஜ் போனால் அந்த டப்பாவை எங்கே வைப்பது? ஒரு ஃபிரிட்ஜ் வாங்குவது என்பது அந்த வீட்டில் பேச்சுக்குக்கூட எடுக்காத சங்கதி. அவள் பேனாவை வாங்கி, அவன் காட்டிய இடத்தில் போட்டாள்.

“இன்னொண்ணுக்கா,” என்றான். “வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். மந்திரி ஆபீஸ் பெரிய அதிகாரியே வர்றார். பஸ் விடறோம், சாப்பாடு நம்மளது. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். எழுதியே தந்துடுவோம். பொம்பளைங்க பேசினாத்தான் எடுபடும்னு மேல சொல்றாங்க.”

“எனக்கு என்ன தம்பி பேசத் தெரியும்?”

“அதான்கா வேணும்,” என்றான்.

•

மறுநாள் செவ்வாய், கட்டு மாற்றுகிற நாள். ஆட்டோ பிடித்துச் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். காத்திருக்கிற பெஞ்சு எல்லாம் புதுசு. முதுகு சாய்கிற இடத்தில் கம்பெனியின் பெயர். எடை பார்க்கும் மெஷினிலும் அதே பெயர். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம், அதில் ஒரு குடும்பமே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஓடியது. ‘தினமும் பத்தாயிரம் அடி நடப்போம், சர்க்கரையை விரட்டுவோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மூலையில் சின்னதாகக் கம்பெனி முத்திரை.

மேஸ்திரி அதை ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். “பத்தாயிரம் அடியில எத்தனை காம்பவுண்டு சுவர் கட்டலாம் தெரியுமாடி?”

“நீங்க முதல்ல அஞ்சு அடி நடந்து உள்ள வாங்க.”

நர்ஸம்மா கட்டைப் பிரித்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். வாய் கறார், கை மெத்தென்று இருக்கும். புண் ஓரத்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே பேசினாள்.

“பரவாயில்ல, காயுது. மருந்து ஒழுங்காப் போகுதுல்ல?”

“போகுதுங்கம்மா.”

“கடையம்மா, வியாழக்கிழமை ஒரு கூட்டம் இருக்கு. அந்தக் கறுப்பு வட்டத்துக்காக. நாங்க நாலு பேர் போறோம். நீங்க இவரைக் கூட்டிட்டு வர முடியுமா? பேசக்கூட வேணாம். இந்தக் காலைக் காட்டினாப் போதும்.”

கடையக்கா பிரித்த பழைய துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தூக்கிப் போடப்போகிற துணியை நாலாக மடித்தாள்.

“உங்க பெரிய டாக்டர் வரலையா?” என்று மேஸ்திரி கேட்டார்.

“அவர் போன மாசம்தான் அவங்க செலவுல மாநாட்டுக்குப் போயிட்டு வந்தார். வெளிநாடு. ‘பெஞ்சு குடுத்திருக்காங்க, மெஷின் குடுத்திருக்காங்க, நாம எதுக்கு வாயக் குடுக்கணும்’ங்கறார். எங்களையும் போகாதீங்கன்னு சொல்லல. லீவு போட்டுட்டுப் போங்கன்னார்.”

“எனக்கு வியாழக்கிழமை வேலை இருக்கும்மா,” என்றாள் கடையக்கா.

நர்ஸம்மாவின் கை ஒரு நொடி நின்றது. “எந்தப் பக்கத்துல வேலை?”

கடையக்கா மடித்த துணியைக் குப்பைக் கூடையில் போட்டாள். நர்ஸம்மாவும் விட்டுவிட்டாள். கட்டுப் போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, அடுத்த மாதத்து மருந்துச் சீட்டை எழுதும்போது கடையக்கா மெதுவாகக் கேட்டாள்.

“மருந்த இங்க, உங்க ஃபிரிட்ஜுல வெச்சுக்க முடியுமாம்மா? காலையிலயும் சாயங்காலமும் நான் வந்து எடுத்துக்கறேன். நடந்தே வந்துடுவேன்.”

“அது தடுப்பூசிக்கு மட்டும்தான். வேற ஒரு குப்பி இருந்தாலும் என் வேலை போயிடும். வந்து திறந்து பாக்கறாங்க.”

“எல்லா ஃபிரிட்ஜும் ஒரே மாதிரிதான் போல,” என்றாள் கடையக்கா. அவள் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட ஒரு தகவலைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நர்ஸம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

•

வியாழக்கிழமை பஸ்ஸில் நாற்பது பேர். எல்லோருக்கும் ஆரஞ்சுத் தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரு சோற்றுப் பொட்டலம். கடைக்காரர்கள் பாதிப்பேர்தான். மீதிப்பேர் யார் என்று கடையக்காவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணைக் கேட்டாள். “எனக்குக் கடையெல்லாம் இல்லக்கா. ஒரு நாள் கூலின்னு கூப்பிட்டாங்க,” என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டுத் தொப்பியால் விசிறிக்கொண்டாள்.

மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. இந்தக் குளிர் வீட்டில் இருந்தால் குப்பியை மேஜைமேலேயே வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மேடையில் நடுவில் அதிகாரி. அவர் முன்னாலிருந்த தண்ணீர் பாட்டிலிலும் அதே பெயர். அந்தக் கம்பெனி தண்ணீரும் விற்கிறது.

முதலில் கம்பெனிப் பக்கத்துப் பேராசிரியர் பேசினார். கண்ணியமான மனுஷர், ஒரு சொல் தடித்து வரவில்லை. நோய்க்குக் காரணம் ஒன்றிரண்டு அல்ல என்றார். மக்கள் நடப்பதில்லை என்றார். தாய்மார்கள் அளவு தெரிந்து கொடுக்க வேண்டும் என்றார். நம் நாட்டுக்கு நம் ஆய்வு வேண்டும், அதுவரை அவசரம் கூடாது என்றார். கூட்டம் கை தட்டியது. தாய்மார்கள் என்றபோது கடையக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸம்மா பேச எழுந்தபோது ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று அறிவித்தார்கள். அவள் கொண்டுவந்திருந்த படங்களைக் காட்டத் திரை வேலை செய்யவில்லை. வாயால் சொன்னாள். தன் ஒரு நிலையத்தில் மட்டும் இந்த வருஷம் பதினொரு பேருக்குக் கால் போயிருக்கிறது என்றாள். மணி அடித்தார்கள். அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்தது கடையக்கா. மேடையேறி, கொடுத்த தாளைப் பிரித்தாள். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கண்ணாடி வீட்டில், பிஸ்கட் அலமாரியில் இருக்கிறது. கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் துடைத்தாள், அடித்தட்டைப் பார்த்தாள், மேஸ்திரிக்கு ஊசி போட்டாள், கண்ணாடியை மறந்துவிட்டாள். மைக் அவள் மூச்சை மண்டபம் முழுக்கக் கேட்க வைத்தது.

“சொல்லுங்கம்மா, பயப்படாம,” என்றார் அதிகாரி. நல்ல குரல்.

“கண்ணாடி கொண்டு வரலைங்க. எழுதினத என்னால படிக்க முடியல.” கூட்டம் லேசாகச் சிரித்தது. “எனக்கு ஒண்ணுதான் தெரியும். எங்க கடையில கம்பெனி ஃபிரிட்ஜ் இருக்கு. அது போச்சுன்னா என் வீட்டுக்காரர் பொழைக்க மாட்டார்.”

மண்டபம் அடங்கிவிட்டது. அடுத்த வாக்கியம் அவள் நாக்கு நுனியில் நின்றது. அதுக்குள்ளதான் அவர் மருந்து இருக்கு. இந்த பாட்டிலக் குடிச்சு வந்த நோய்க்கு இந்த பாட்டிலுக்குப் பின்னாலதான் மருந்து வெச்சிருக்கேன். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். முதல் வரிசையில் லைன் தம்பி இருந்தான். அவன் பக்கத்தில், சுத்தம் பார்க்க வரும் மேலிடத்து ஆள் தொடைமேல் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவ்வளவுதாங்க,” என்றாள்.

அப்படி ஒரு கைதட்டலை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். இறங்கி வரும்போது யார் யாரோ தோளைத் தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் நர்ஸம்மா பையை மடிமேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

•

மறுநாள் பேப்பரில் படமே வந்துவிட்டது. மேஸ்திரி தலையணையில் சாய்ந்து சத்தமாகப் படித்தார். “‘ஃபிரிட்ஜ் போனால் கணவர் பிழைக்க மாட்டார்: சிறு கடைப் பெண் கண்ணீர்.’ ஏண்டி, அழுதியா?”

“நான் எங்க அழுதேன்?”

“பேப்பர்ல அழுதிருக்க.”

அவள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி பேப்பரை மடித்து வைத்தார். “மருந்து விஷயத்தச் சொல்லலையா?” என்று கேட்டார்.

“சொன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

“அதுவும் சரிதான்.”

சோறு கொதித்தது. மூடியைச் சாய்த்து வைத்தாள். எப்படியும் ஒருநாள் சொல்லத்தான் வேண்டும், இன்றைக்குச் சொன்னால் என்ன என்று இருந்தது. துக்கம் பொங்கியெல்லாம் வரவில்லை. கை ஓய்ந்து சுமையைக் கீழே வைக்கிற மாதிரி வந்தது.

“அன்னிக்கு, சுத்தம் பாக்க வந்தாங்களே, உங்க மருந்த ஐஸ்காரர்கிட்டக் குடுத்து வெச்சேன். ஐஸ் ஆயிடுச்சு. இளக்கிட்டு அதையே போட்டேன். அதுலதான் உங்க விரல் போச்சு.”

“தெரியும்,” என்றார் மேஸ்திரி.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஊசியில திப்பி திப்பியா ஏறுச்சே, எனக்குக் கண்ணு இல்லையா? இருபது வருஷம் சுண்ணாம்பு கலக்கினவன்டி. கட்டி தட்டினது கட்டிடத்துக்கே ஆகாதுன்னு தெரியாதா?”

“தெரிஞ்சுமா போட்டுக்கிட்டீங்க?”

“நீ வேர்க்க விறுவிறுக்க ஓடிப்போய் வாங்கிட்டு வந்த. வேணாம்னு சொல்ல மனசு வரல.” அவர் கூரையைப் பார்த்தார். “மாசம் முடிய எத்தனையோ நாள் இருந்துச்சு. வேற மருந்துக்கு எங்க போறதுன்னும் நெனச்சேன்.”

 சோற்றை வடித்து, பருப்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். அவள் அவருக்கு ஒரு கரண்டி குறைத்துப் போட்டாள். அவர் வழக்கம்போல இன்னொரு கரண்டி கேட்டார், அவள் வழக்கம்போல முறைத்தாள்.

அடுத்த செவ்வாய் நர்ஸம்மா எப்போதும்போலக் கட்டு மாற்றினாள். எப்போதும்போல வலிக்கிறதா என்று கேட்டாள். கிளம்பும்போது மட்டும், “நீங்க அங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல,” என்றாள். கடையக்காவுக்கு, ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

•

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. கறுப்பு வட்டம் இப்போதைக்கு இல்லை. இருநூறு மீட்டரும் இல்லை. மூன்று வருஷம் ஆராய்ந்து சொல்ல ஒரு குழு. குழுவுக்குத் தலைவர் அதே பேராசிரியர். சிறு கடைக்காரர்களின் உருக்கமான வேண்டுகோளை ஏற்று என்று அறிக்கையில் இருந்தது. மேஸ்திரி அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, “உருக்கமானதுன்னா நீதான்,” என்றார்.

அதற்கு அடுத்த வாரம், பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வாசலில் கம்பெனி வண்டி நின்றது. லைன் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் அட்டை சுற்றிய ஒரு பெரிய சாமானை இறக்கினார்கள்.

“அக்கா, உங்களுக்குப் பரிசு! மேலிடத்துலேர்ந்து உங்க பேரச் சொல்லியே அனுப்பியிருக்காங்க.”

அட்டையைப் பிரித்தார்கள். புது ஃபிரிட்ஜ். பழையதைவிட ஒன்றரை மடங்கு. உச்சியிலிருந்து தரைவரை கண்ணாடி. பக்கவாட்டிலும் கண்ணாடி. ஒவ்வொரு தட்டுக்கும் தனி விளக்கு. தகரம் என்று ஒரு விரல் அகலம்கூட இல்லை. உள்ளே பல்பொடி விழுந்தால் எதிர்ப்பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து தெரியும்.

“பழசு?” என்றாள் கடையக்கா.

“அத எடுத்துட்டுப் போயிடுவோம்கா. அதெல்லாம் இனிமே லைன்லயே கிடையாது.”

ஆட்கள் பாட்டில்களை மாற்ற ஆரம்பித்தார்கள். மேல்தட்டு, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு. அவள் முந்திக்கொண்டு குனிந்து, அடித்தட்டிலிருந்து டப்பாவை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள். லைன் தம்பி அதைப் பார்த்தான். கூட வந்தவர்களை வண்டியில் கயிறு எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

“தம்பி, ஒரு மூலையில இத மட்டும்...”

“எனக்குத் தெரியும்கா. மொத நாள்லேர்ந்தே தெரியும்.” அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “பழசுல பாக்கறது ஆளு. நான் முன்னாடியே போன் பண்ணேன். இதுல மேல பாருங்க.”

கதவின் உள்பக்க மூலையில், பொத்தான் அளவுக்குக் கறுப்பாக ஒன்று இருந்தது.

“கேமரா. கதவத் திறந்து மூடும்போதெல்லாம் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பிடும். அங்க மெஷினே பாத்துக்கும். இனிமே சுத்தம் பாக்க யாரும் வர மாட்டாங்க.”

“இது வேணாம். பழசே இருக்கட்டும்.”

“வேணாம்னா ரெண்டும் இல்லக்கா. கையெழுத்தாகி வந்துடுச்சு.” அவன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். “நீங்க அவ்வளவு நல்லாப் பேசினதாலதான் முதல்ல உங்களுக்கு வந்துச்சு. மத்த கடைக்கெல்லாம் அடுத்த வருஷம்தான்.”

பழைய ஃபிரிட்ஜைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். அது நின்ற இடத்தில் ஒன்பது வருஷத்துத் தூசியும் நாலைந்து பாட்டில் மூடியும் கிடந்தன. புதியதை அங்கே தள்ளிச் செருகியை மாட்டினார்கள். எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. வண்டி கிளம்பிப் போயிற்று.

கடையக்கா விளக்குமாறு எடுத்துத் தூசியைக் கூட்டினாள். ஈரத்துணியால் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைத்தாள், உலர்ந்த துணியால் இன்னொரு தடவை. ஒரு கையால்தான் துடைத்தாள். இன்னொரு கையில் டப்பா இருந்தது. வெளியே தார் ரோடு வெயிலில் பளபளத்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் கேட்டைத் தாண்டிக்கொண்டு வந்தார்கள். புது ஃபிரிட்ஜைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு, “அக்கா, எனக்கு ஆரஞ்சு!” “எனக்கு ரெண்டு!” என்று கத்தினார்கள். அவள் கதவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். திறந்து மூடும்போதெல்லாம் அந்தக் கறுப்புப் பொத்தான் ஒரு முறை கண் சிமிட்டியது.

“ஏய்,” என்று திரைக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். “மருந்த எங்க வெச்ச?”

“கையில.”

“கையிலயா?”

“கையிலதாங்க,” என்றாள். டப்பா அதற்குள் வெதுவெதுப்பாகி இருந்தது.